களை பிடுங்கும் நாளில் மட்டும் வரும் பூனை

கிணற்றடிக்காரி (மடத்தடி)
சனி, இரவு 8.40

திருமலையில் (திருகோணமலையில்) வீட்டுத்தோட்டம் செய்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு சங்கதி கேட்க வேண்டும். பூனை பற்றியது. ஆனால் இன்றைய நாளைச் சொன்னால்தான் பூனை விளங்கும், ஆகவே கொஞ்சம் நீளும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பந்திக்குத் தாவலாம்.

இந்த முறை கச்சான் என்கிற காய்ந்த தென்மேல் காற்று புரட்டாதி முடியும்வரை விட்டபாடில்லை. கத்தரியும் மிளகாயும் பட்டுப்போய்க் குச்சியாக நின்றன. கிணற்று நீரும் அடிக்குப் போய் லேசாகச் சவர்க்கத் தொடங்கியிருந்தது. போன கிழமை ஒரு மழை இறங்கியதுதான் தாமதம், வளவு முழுக்கக் களை. மாரி வலுக்க முன்னம் பாத்தியை உயர்த்திப் பயற்றை விதை போட்டுவிட வேண்டும். பிந்தினால் கார்த்திகை வெள்ளத்தில் விதை அழுகிவிடும். அதனால் இந்தச் சனிக்கிழமையை விட்டால் வழியில்லை.

விடிய எழும்பிப் பார்த்தால் மதிலோரத்துச் செவ்வரத்தை மொட்டை. இரவு மான்கள் வந்து போயிருக்கின்றன. கோட்டைக்குள் நிற்கிற மான்களைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எங்களுக்கு அவை படலையைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வருகின்றன. பூ இருந்த கிளை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. சரி, அது வேறு கதை.

வெயில் ஏற முன்னம் வெளி வேலைகளை முடிக்கலாம் என்று புறப்பட்டேன். மகனின் சைக்கிள் ரியூப் ஒட்டக் கொடுத்தேன், மின்சாரக் காசு கட்டினேன், பசளைக் கடையில் மாட்டெருவும் தும்புத்தூளும் சொல்லி வைத்தேன். பிறகு மில். வறுத்த மிளகாய் மல்லியை நேற்றே கொடுத்திருந்தேன், இன்றைக்குத்தான் திரித்தார்கள். மில்காரர் வாயில் சாக்குத்துணியைப் பிடித்துத் தட்டத் தட்டத் தூள் சுடச்சுட விழுகிறது. பக்கத்தில் நின்ற பிள்ளை தும்மி முடியவில்லை. அந்தச் சூட்டோடு போத்தலில் அடைத்தால் வேர்த்துக் கட்டிபட்டுவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் மேசையில் பேப்பர் விரித்துப் பரப்பிவிட்டேன். வரும் வழியில் சந்தையில் சூடை மீன் மலிவாகக் கிடந்தது, அதையும் வாங்கினேன்.

இப்போது பூனை. செம்மஞ்சள் நிறம், வால் நுனி மடங்கி ஒரு கொக்கி மாதிரி. யாருடையது என்று தெரியாது. வறுத்த கச்சான் (நிலக்கடலை) கோது நிறம் என்பதால் நாங்கள் கச்சான் என்று கூப்பிடுகிறோம். நான் கிணற்றடியில் இருந்து சூடை வெட்டினேன், வரவில்லை. செதிலும் தலையும் அப்படியே கிடந்தன, காகம்தான் கொண்டுபோனது. மத்தியானம் பொரித்தேன், அப்போதும் ஆளைக் காணோம். பின்னேரம் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கத் தொடங்கியதுதான், மதில் மேலால் குதித்து வந்துவிட்டது. கையில் தலையை முட்டுகிறது, முழங்காலில் கன்னத்தைத் தேய்க்கிறது, நான் பிடுங்கிப் போட்ட குவியலில் விழுந்து புரளுகிறது, வாயால் வீணீர் வடிக்கிறது. தூக்கினால் கையிலேயே துவண்டு கிடக்கிறது. போன மாதமும் இதே கூத்து, அன்றும் களை பிடுங்கிய நாள்தான். தண்ணீர் ஊற்றும் நாட்களில் எட்டியும் பார்க்காது.

மீனுக்கு வராத பூனை களைக்கு ஏன் வருகிறது? யாருக்காவது தெரியுமா?


உவர்மலை வாத்தியார்
சனி, இரவு 9.05

பிள்ளை, அது உங்களில் பாசத்தால் வரவில்லை, புதிதாகக் கிளறிய மண்ணுக்கு வருகிறது. பூனைக்கு நீங்கள் கொத்திப் பதப்படுத்திய பாத்தி கக்கூஸ். எங்கள் வீட்டுக் கீரைப் பாத்தியில் விதை தூவிய அன்றிரவே கிண்டிவைத்துவிட்டுப் போகும் ஒரு கடுவன் இருக்கிறது. முளைத்த கீரை ஒரு மூலையில் மட்டும் அடர்த்தியாக நிற்கும், மற்ற இடமெல்லாம் வழுக்கை.

விதை போட்ட கையோடு ஈர்க்குகளைச் சாண் இடைவெளியில் குத்திவிடுங்கள். தேசி முள்ளுக் கிளை இருந்தால் இன்னும் நல்லது. மண்ணை ஈரமாக வைத்திருந்தாலும் அதற்குப் பிடிக்காது, காய்ந்த பொலபொலத்த மண்தான் வேண்டும். கச்சான், மிளகாய் என்று பெயர் வைத்துக் கொஞ்சத் தொடங்கினால் பிறகு துரத்த மனம் வராது.


லண்டனில் ஒரு திருமலையான்
சனி, இரவு 9.31

பூனைக்கு என்னிடம் பதில் இல்லை. மில்லில் தூள் திரிக்கும் அந்தப் பந்தியை மட்டும் திரும்பவும் வாசித்தேன். இங்கே தூள் பக்கற்றில் வருகிறது, தும்மல் வருவதில்லை.

மான்கள் இப்போதும் பஸ் நிலையப் பக்கம் படுத்துக் கிடக்கின்றனவா? நாங்கள் ரியூஷன் முடிந்து வரும்போது பைக்குள் என்ன இருக்கிறது என்று மோந்து பார்க்கும்.


கிணற்றடிக்காரி
சனி, இரவு 9.50

வாத்தியார் ஐயா, ஈர்க்கு யோசனைக்கு நன்றி, குத்தத்தான் போகிறேன். ஆனால் இது மண்ணைக் கிண்டவே இல்லை. நான் கொத்திய பாத்திப் பக்கம் போகவும் இல்லை. பிடுங்கிப் போட்ட களைக் குவியலில்தான் அதன் வேலை முழுக்க. அதிலும் வேர்ப்பக்கத்தைக் கடித்து, முகத்தில் தேய்த்து, இரண்டு முன்காலாலும் கட்டிப்பிடித்துக் கொண்டு பின்காலால் உதைக்கிறது. குவியலில் கிடந்தது கோரை, மூக்குத்திப்பூண்டு, குப்பைமேனி, கொஞ்சம் நெருஞ்சி.

லண்டன் அண்ணா, படுத்துக் கிடக்கின்றனதான். பொலித்தீனையும் சாப்பாட்டுப் பார்சல் பேப்பரையும் தின்கின்றன, அதைப் பார்க்கத்தான் வயிறு எரிகிறது. ஊர்ச் சனம் வாழைப்பழத் தோலைக் கையிலேயே நீட்டும், அதுகளும் வாங்கும்.


தம்பலகாமத்தான்
சனி, இரவு 10.12

அக்கா, விடை உங்கள் குவியலிலேயே கிடக்கிறது. குப்பைமேனி.

எங்கள் அம்மாவின் தகப்பன் பரியாரி, நாட்டு வைத்தியர். குப்பைமேனியைச் சமூலமாக, அதாவது வேரோடு பிடுங்கி வந்து திண்ணையில் போட்டாரென்றால் அயலட்டைப் பூனை எல்லாம் வந்துவிடும். ஆகவே அதை மட்டும் உறியில் கட்டித் தூக்கிவிடுவார். பழைய வைத்திய ஏடுகளில் இதற்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு.

சூட்சுமம் வேரில். செடி நிலத்தில் நிற்கும்போது பூனை அதைத் தாண்டிப் போகும், திரும்பியும் பாராது. பிடுங்கி வேர் முறிந்தால்தான் மணம் எழும்பும். நமக்கு அந்த மணம் தெரியாது, மண் மணம்தான் தெரியும். நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது வராததும், களை பிடுங்கும்போது மதில் பாய்ந்து வருவதும் இதனால்தான். மழைக்குப் பிறகு இந்தச் செடி நன்றாகக் கிளம்பும், அதனால் இந்த நாட்களில் கூத்து இன்னும் கூடும்.

நம்பாவிட்டால் நாளைக்கே சோதியுங்கள். கோரையை ஒரு பக்கம், மூக்குத்திப்பூண்டை ஒரு பக்கம், குப்பைமேனி வேரை ஒரு பக்கம் வையுங்கள். எங்கே போகிறதென்று பாருங்கள்.


இரசாயனப் பாடம்
சனி, இரவு 10.40

தம்பலகாமத்தார் சொல்வது சரி. 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தக் குப்பைமேனி வேரிலிருந்து பூனையை இழுக்கும் சேர்வைகளைப் பிரித்து அடையாளம் கண்டு வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று மேல்நாட்டுக்காரர் பூனைக்குக் கொடுக்கும் கேட்னிப் செடியில் உள்ள நெப்பெற்றலக்ரோனுக்கு நெருங்கிய உறவு. முழுப் பெயரை எழுதினால் இந்த இழை இதோடு படுத்துவிடும். காட்டுப் பூனையாக மாறிவிட்ட வீட்டுப் பூனைகளைப் பொறிக்குள் வரவழைக்க ஏதாவது மணம் கிடைக்குமா என்ற தேவையும் அந்தத் தேடலின் பின்னால் இருந்தது. ஊரில் பரியாரிமார் உறியில் கட்டிய சங்கதி ஆய்வுகூடத்துக்குப் போக இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கேட்னிப்பை வைத்துத் தெரிந்த ஒன்றையும் சொல்கிறேன். எல்லாப் பூனையும் மயங்காது. அது பரம்பரையால் வருவது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூனைகள் கண்டுகொள்ளவே மாட்டா. குட்டிகளுக்கும் சில மாதம் கழியும்வரை ஏறாது. ஏறினாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடும், பிறகு கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் வேலை செய்யாது. குப்பைமேனிக்கும் இதே கணக்கா என்று நாளைய சோதனையில் கவனித்துச் சொல்லுங்கள்.


வார்ட்டு மிஸ்ஸி
சனி, இரவு 11.20

வார்ட்டில் தாதி வேலை முடிந்து வந்து வாசித்தேன். குப்பைமேனி என்றதும் ஒரு விடயம் சொல்லாமல் படுக்க முடியாது. பூனை வேரில் புரளட்டும், ஆனால் இதைப் பார்த்துவிட்டு யாரும் குப்பைமேனிக் கஞ்சி காய்ச்சத் தொடங்காதீர்கள். இலைக்கஞ்சியில் இதைப் போடும் வழக்கம் எங்கள் நாட்டில் உண்டு. ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைவான ஆட்களுக்கு அது செங்குருதிக் கலங்களைத் திடீரென்று உடைத்துவிடும். சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்துப் போகும். 1990களில் இலங்கை வைத்தியர்களே இப்படி வந்த நோயாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தனக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அதுதான் பயம்.

மற்றது, களைப் பாத்தியில் பூனையோடு விளையாடுகிற அக்காவுக்கு. யாருடையதென்று தெரியாத பூனை கீறினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளோ கோப்பித்தூளோ வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். விசர்நோய் நாயால் மட்டும் வருவதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்குக் காசும் இல்லை. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் பூனை பழகும் மண்ணில் வெறுங்கையோடு வேலை செய்யக் கூடாது. பூனை மலத்தில் உள்ள ஒரு கிருமி ஓரிரு நாளில் முதிர்ந்து மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும், அது வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது. கையுறையோடு செய்து, சவர்க்காரத்தால் கழுவினால் போதும், பூனையைத் துரத்தத் தேவையில்லை.

பூனைக்குச் சுகமில்லை என்று தெரிந்து பனடோல் என்ற காய்ச்சல் குளிசையை உடைத்துக் கொடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. ஒரு குளிசையே கொன்றுவிடும்.


உவர்மலை வாத்தியார்
ஞாயிறு, காலை 6.15

மிஸ்ஸி, நன்றி. எங்கள் வீட்டுக் கஞ்சி இலைகளில் இன்று முதல் ஒன்று குறைகிறது.

எனக்கு ஓர் உபாயம் தோன்றுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம், வெறும் வளவின் மூலையில் குப்பைமேனியைப் பிடுங்கிப் போட்டு வைத்தால் அந்தக் கடுவன் என் கீரையை விட்டுவிட்டு அங்கே போகுமா?


தம்பலகாமத்தான்
ஞாயிறு, காலை 7.02

போகும் ஐயா. போய் மயங்கிப் புரண்டு தெளிந்த பிறகு, வெளிக்கு இருக்க உங்கள் கீரைப் பாத்திக்குத்தான் வரும். ஈர்க்கையே குத்துங்கள்.


கிணற்றடிக்காரி
ஞாயிறு, மாலை 5.30

சோதனை முடிந்தது.

காலையில் எருவும் தும்புத்தூளும் வந்து இறங்கின. தும்புத்தூளை இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட்டேன், நேராகக் கொட்டினால் அதில் உள்ள உப்பே எங்கள் மண்ணுக்குக் காணும். கடற்கரைப் பக்கத்து வளவு, தண்ணீர் ஊற்றினால் ஊற்றினபடி இறங்கிவிடும் மணல். அதனால் பாத்தியின் அடியில் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, அதன் மேல் எரு, அதன் மேல் மண். தை கழிந்து மழை விட்ட பிறகுதான் இந்த மட்டையின் அருமை தெரியும், அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பத்து மணிபோல விறாந்தைப் படியில் மூன்று குவியல் வைத்தேன். கச்சான் எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் படியிலிருந்து எழும்ப முன்னம் வந்துவிட்டது. கோரையை மோந்தது, தும்மியது. மூக்குத்திப்பூண்டை மிதித்துக்கொண்டு தாண்டியது. குப்பைமேனியில் முகத்தை வைத்ததுதான், ஆள் போச்சு. கண் பாதி மூடிவிட்டது, கீழுதடு முழுக்க எச்சில், வேரின் மண் மூக்கில் ஒட்டியிருக்கிறது. படியின் ஓரம் வரைக்கும் உருண்டு கீழே விழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பித் திரும்பவும் ஏறி வந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனார்கள். இரசாயனப் பாடம் சொன்னது போலவே கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. புது வேர் முறித்து வைத்தேன், கண்டுகொள்ளவில்லை. நேற்றுப் பிடுங்கி வெயிலில் வாடிக் கிடந்த வேரையும் காட்டினேன், அதையும் மதிக்கவில்லை. முதலிலேயே அதைக் காட்டியிருந்தால் சோதனை இன்னும் சுத்தமாக இருந்திருக்கும் என்று மகன் சொல்கிறான், அடுத்த கிழமை அவனே செய்யட்டும்.

ஆனால் தெளிந்த பிறகு அது போகவில்லை. நான் விதை போட்டு ஈர்க்கு குத்தி முடியும்வரை என் செருப்பின் மேல் ஏறிக் குந்தியிருந்தது. அங்கே குப்பைமேனி ஒன்றும் இல்லை. இதற்கு வாத்தியார் ஐயா என்ன சொல்கிறார்?


உவர்மலை வாத்தியார்
ஞாயிறு, மாலை 6.10

செருப்பில் வேர்ச்சாறு ஒட்டியிருக்கும்.


நிலாவெளி ரோட்டு
ஞாயிறு, மாலை 6.48

மன்னிக்கவும், நேற்றிலிருந்து பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். செம்மஞ்சள், வால் நுனி கொக்கி, இடது காதில் சின்ன வெட்டு இருக்கிறதா? இருந்தால் அது எங்கள் சித்தி வீட்டு ரைகர். அவர்களும் உங்கள் பக்கம்தான், இரண்டு ஒழுங்கை தள்ளி. விடியக் காலையில் அங்கே சோறும் மீனும் தின்றுவிட்டுக் கிளம்பினால் இருட்டத்தான் திரும்பும். பகல் முழுக்க எங்கே போகிறான் என்று சித்திக்கு ஒரே யோசனை. உங்கள் சூடைக்கு அவன் வராதது வயிறு நிறைந்திருந்ததால்தான்.


கிணற்றடிக்காரி
ஞாயிறு, இரவு 7.20

இடது காது, ஓம்! சண்டையில் கிழிந்தது என்று நினைத்திருந்தேன்.

சித்தியிடம் கேட்டுச் சொல்லுங்கள், நாங்கள் ஏதாவது கொடுத்தால் பரவாயில்லையா? இதுவரை ஒன்றும் கொடுக்கவில்லை, தண்ணீர் மட்டும் வைக்கிறேன். பிள்ளைகள் பால் வைக்கச் சொல்லி அரிக்கிறார்கள்.


நிலாவெளி ரோட்டு
ஞாயிறு, இரவு 7.45

அந்த வெட்டு கருத்தடை செய்ததற்கு அடையாளமாக மிருக வைத்தியர் வெட்டியது. ஊசியும் போட்டிருக்கிறது, மிஸ்ஸி பயப்பட வேண்டாம். செம்மஞ்சள் பூனையில் பெரும்பாலானவை ஆண், ஐந்தில் நான்கு என்பார்கள். அந்த நிறத்துக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் வருவது. கருத்தடைக்கு முன்னம் இவன் இரவெல்லாம் கத்திக்கொண்டு மடத்தடிச் சந்திவரை போவான், இப்போது அடங்கிவிட்டான்.

பால் வேண்டாம். வளர்ந்த பூனைக்குப் பால் செமிக்காது, வயிற்றால் போகும். குழம்புச் சோறும் வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் அதற்கு நஞ்சு. கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் சூடையை உப்புப் போடாமல் அவித்து, முள்ளெடுத்து ஒரு துண்டு. பச்சையாக அடிக்கடி கொடுத்தாலும் கூடாது, பச்சைச் சூடையில் உள்ள ஒன்று உயிர்ச்சத்து பீ-1ஐ அழித்துவிடும் என்று வைத்தியர் சொன்னார். சித்தி சிரிக்கிறா. அவன் எங்கே மினைக்கெடுகிறான் என்று தெரிந்ததே போதுமாம்.


லண்டனில் ஒரு திருமலையான்
ஞாயிறு, இரவு 8.30

பூனைக்கு ஊர், பெயர், காது, கருத்தடை எல்லாம் தெரிந்துவிட்டது. மான் விவகாரத்தை அப்படியே விட்டுவிட்டீர்கள். பயற்றங்கொடி முளைத்து ஏறும்போது மான் வந்தால் என்ன செய்வீர்கள்?


உவர்மலை வாத்தியார்
ஞாயிறு, இரவு 8.52

இதற்கு நான் பதில் சொல்கிறேன், அனுபவம் உண்டு. பழைய மீன்வலையை மட்டும் கட்ட வேண்டாம். மலிவு என்று பலர் கட்டுகிறார்கள். கலைமான் கொம்பு அதில் சிக்கினால் அது வலையோடு தறிகெட்டு ஓடும், சாகும். கிடுகு வேலிதான் சிறந்தது. புள்ளிமான் உயரப் பாயக்கூடிய மிருகம், ஆனால் மறுபக்கத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்துக்குப் பாய யோசிக்கும். கம்பி வலையின் ஊடாகப் பச்சை தெரிந்தால் எப்படியும் வழி தேடும். ஆள் உயரத்துக்குக் கிடுகு கட்டிப் படலையை உள்ளுக்குக் கொக்கி போட்டுப் பூட்டுங்கள். வெறும் படலையை மூக்கால் தள்ளித் திறக்க அதுகளுக்குத் தெரியும்.

செவ்வரத்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இந்த மழைக்கே துளிர்த்துவிடும். கவாத்துப் பண்ணினதாக வைத்துக்கொள்ளுங்கள்.


வார்ட்டு மிஸ்ஸி
ஞாயிறு, இரவு 9.10

ஊசி போட்ட பூனை என்றாலும் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டத்தான் வேண்டும். அதை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

கிணற்றடி அக்கா, பயற்றை விதை மிச்சம் இருக்கிறதா? குவாட்டர்ஸ் முன்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது.


கிணற்றடிக்காரி
ஞாயிறு, இரவு 9.35

இருக்கிறது மிஸ்ஸி. நீட்டுப் பயற்றங்காய், போன மாரியில் கொடியிலேயே முற்றவிட்டு எடுத்த விதை. சாம்பலில் புரட்டிப் போத்தலில் வைத்திருக்கிறேன், வண்டு குத்தவில்லை. வெண்டியும் கொஞ்சம் தரலாம், அதை மட்டும் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். பயற்றையை ஊறவைக்கத் தேவையில்லை, இந்த ஈரத்துக்கே முளைத்துவிடும். தனிமடலில் எந்த வார்ட் என்று எழுதுங்கள், நாளை மகனைச் சைக்கிளில் அனுப்புகிறேன்.

வாத்தியார் ஐயா, கிடுகு எங்கே வாங்கினீர்கள், என்ன விலை சொன்னார்கள்?